எட்டத்தைக் கிட்டமாக்கும் வில்லை

சித்தூர் மாவட்டத்துச் சிற்றூர்கள் பலவற்றில், திரௌபதி அம்மன் கோயிலை முன்னிட்டுப் பாரத விழா எடுப்பது பழைய வழக்கம். பகலில் அரிகதை, இரவில் கூத்து. ஊர்ப் பொதுவில் உயர்ந்ததொரு தபசு மரம் நாட்டுவார்கள். அர்ச்சுனன் வேடம் பூண்டவர் பாட்டுப் பாடிக்கொண்டே அதன்மேல் ஏறுவார். இறுதி நாளில், மண்ணாற் செய்த துரியோதனன் பேருருவமாகப் படுகளத்திற் கிடப்பான். வட ஆர்க்காட்டுப் பக்கத்துத் தமிழர்க்கு இவையெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல. 1911-இல் வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் சில வட்டங்களைப் பிரித்துச் சித்தூர் மாவட்டத்தை அமைத்தார்கள். 1953-இல் அது ஆந்திர மாநிலத்தோடு போயிற்று. 1960-இல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்திற்குத் திரும்பியது. கோடுகள் இப்படி இடம் மாறியபோதெல்லாம் கூத்து அவற்றைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. எல்லைக்கு இப்பால் தெலுங்கிலும் அப்பால் தமிழிலும் அதே அர்ச்சுனன் அதே மரத்தில் ஏறுகிறான்.

அந்த அர்ச்சுனனைப் படம் பிடிக்க விரும்பும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். கூட்டத்தின் நடுவே எழுந்து நின்றால் பின்னாலிருப்போர் சும்மா விடமாட்டார்கள். ஆகவே எட்டத்தில் நிற்க வேண்டும். கூத்தோ இரவில் நடப்பது, வெளிச்சம் போதாது. ஆடுபவரோ ஒரு நொடி ஓரிடத்தில் நில்லார். தொலைவு, இருள், அசைவு ஆகிய இம்மூன்றும் ஒருங்கே வந்து எதிர்நிற்கும் இடம் இது. ஒன்றிரண்டை வெல்வது எளிது. மூன்றையும் ஒரே வில்லையைக்கொண்டு வெல்வதற்கு உலகத்துக் கண்ணாடித் தொழிலாளர்களுக்கு ஏறத்தாழ நூறாண்டு பிடித்தது. அந்த நூறாண்டின் கதை தெரிந்தவர், கடைக்காரர் எடுத்து வைக்கும் வில்லைகளுள் எது தமக்கு உதவும் என்பதைத் தாமே கண்டுகொள்ளக் கூடும்.

தொலைவிலுள்ள பொருளின் உருவம் பெரிதாக விழவேண்டுமானால், வில்லையின் குவியத் தூரம் நீளமாக இருக்க வேண்டும் என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் இதற்கு ஒரே வழிதான் இருந்தது: காமிராவின் துருத்தியை நீட்டிக்கொண்டே போவது. ஒரு மீட்டர் குவியத் தூரம் வேண்டுமென்றால் காமிராவும் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளும். இதற்கு மாற்றாக, முன்னே ஒரு குவிவில்லையும் பின்னே ஒரு குழிவில்லையும் வைத்து, குறுகிய குழலுக்குள்ளேயே நீண்ட குவியத் தூரத்தை அடக்கும் உபாயத்தை 1891-இல் மூவர் தனித்தனியே கண்டனர்: இலண்டனில் தாமஸ் டால்மெயர், பெர்லினில் அடோல்ப் மீதே, மியூனிக்கில் ஸ்டைன்ஹைல். ஒரே ஆண்டில் மூன்று நகரங்களில் ஒரே கருத்து முளைத்தது வியப்பன்று. தொலைநோக்கிக்காகப் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயர் வகுத்த குழிவில்லை 1830-களிலிருந்தே வானநூலார் கையில் இருந்ததே! டால்மெயர் 1899-இல் இந்தக் கலையைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

ஆனால் எட்டத்தைக் கிட்டமாக்கியதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. அந்த விலை ஒளி. முன்வில்லை தரும் உருவத்தைப் பின்வில்லை மூன்று மடங்கு பெருக்கினால், அதே ஒளி ஒன்பது மடங்கு பரப்பில் பரவுகிறது. ஆகவே தகட்டில் விழும் வெளிச்சம் ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். தொலைவிலுள்ள மலைமுகட்டையும் கோபுரத்தையும் பகல் வெயிலில், முக்காலியின்மேல் வைத்துப் பிடிப்பதற்கு அது தடையில்லை. மலை ஓடிப்போகாது. கூத்தாடிக்கு அந்த வில்லை உதவியிராது.

தொலைவில்லையோடு காலமெல்லாம் போராடிய ஒரு தமிழரை இந்த இடத்தில் நினைவுகூராமல் மேலே செல்ல மனம் வரவில்லை. ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன், 1912-இல் பிறந்து 1996-இல் மறைந்தவர். கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் 1950 முதல் தம் இறுதிக் காலம்வரை இயற்கையைப் பற்றி எழுதி வந்தார். காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையிலேயே படம் பிடித்தார். கடையில் கிடைத்த காமிரா எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை போலும். வெவ்வேறு காமிராக்களின் உறுப்புகளை இணைத்துத் தமக்கென்றே ஒரு காமிராவை அமைத்துக்கொண்டு, அதன் பருமனைக் கேலி செய்யும் வகையில் ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் இட்டார். வில்லை தம் வேலைக்குப் பொருந்த வேண்டுமேயன்றி, வேலை வில்லைக்குப் பொருந்த வேண்டியதில்லை என்ற பிடிவாதம் அது. விளம்பரத்தைப் பார்த்து வில்லை வாங்கும் நம் காலத்தவர்க்கு அந்தப் பிடிவாதம் சிறிதளவேனும் வேண்டும் என்பது என் கருத்து.

இனி ஜூம் வில்லையின் கதைக்கு வருவோம். தொலைவில்லையின் பெருக்கம் ஒன்றே ஒன்று. அர்ச்சுனன் மரத்தின் நுனியிலிருந்து அடிக்கு இறங்கி வந்தால், நாமும் இடம்பெயர வேண்டும், அல்லது வில்லையைக் கழற்றி வேறொன்றை மாட்ட வேண்டும். உள்ளேயிருக்கும் கண்ணாடிகளை முன்னும் பின்னும் நகர்த்திக் குவியத் தூரத்தையே மாற்றலாம் என்ற எண்ணத்திற்கு 1902-இல் அமெரிக்காவில் கிளைல் ஆலன் என்பவர் காப்புரிமை பெற்றார். சினிமாவுக்கு முதலில் அது பயன்பட்டது. இங்கிலாந்தின் டெய்லர், டெய்லர் அண்டு ஹாப்சன் நிறுவனத்தார் செய்து, பெல் அண்டு ஹவல் நிறுவனம் 1932-இல் வெளியிட்ட ‘குக் வாரோ’ வில்லை, 40 முதல் 120 மில்லிமீட்டர் வரை நீளும்.

அக்காலத்து ஜூம் வில்லைகள் புகழ்பெறாமைக்குக் காரணம் நகரும் பொறி மட்டுமன்று. வெறுங் கண்ணாடியின் ஒவ்வொரு முகமும் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். சாதாரண வில்லையில் ஆறு முகங்கள் இருந்தால் இழப்பு பெரிதன்று. ஜூம் வில்லையிலோ இருபது முகங்களுக்குக் குறையாது. கணக்கிட்டுப் பார்த்தால், உள்ளே புகுந்த ஒளியில் பாதிக்கும் குறைவே மறுபக்கம் போய்ச் சேரும். சேராத ஒளியும் உள்ளுக்குள்ளேயே அலைந்து படத்தின்மேல் மூடுபனிபோல் படியும். 1935-இல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மகுலா, கண்ணாடியின்மேல் மிக மெல்லிய படலம் ஒன்றைப் பூசி இந்தத் திருப்பத்தைப் பெரிதும் குறைக்கும் முறையைக் கண்டார். வில்லையைச் சாய்த்துப் பார்த்தால் ஊதாவும் பச்சையுமாகத் தெரிகிறதே, அதுதான் அந்தப் பூச்சு. அப்பூச்சு இல்லையேல் இன்றைய ஜூம் வில்லை இல்லை.

போருக்குப்பின், பிராங்க் பாக் என்ற பொறிஞர் ‘ஜூமார்’ வில்லையை அமைத்தார். விமானம் திடீரென மேலெழுவதைக் குறிக்க விமானிகள் வழங்கிய சொல்லே ‘ஜூம்’. 1940-களின் இறுதியில் அமெரிக்கத் தொலைக்காட்சியார் பந்தாட்டங்களை ஒளிபரப்ப அதைக் கைக்கொண்டனர். விளையாட்டுத் திடலின் ஓரத்தில் நின்றபடியே ஆட்டக்காரரின் முகத்தை வீட்டுக் கூடத்திற்குக் கொண்டுவந்து சேர்த்தது அந்த வில்லை. 1959-இல் அவரே வகுத்த 36–82 மில்லிமீட்டர் வில்லை, நிழற்படக் காமிராவுக்கென வாய்க்லாண்டர் பெயரில் வெளிவந்தது. அதே ஆண்டு ஜப்பானின் நிப்பான் கோகாக்கு நிறுவனம், அதாவது இன்றைய நிக்கான், 85 முதல் 250 மில்லிமீட்டர் வரை செல்லும் தொலை ஜூம் வில்லையை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

திருமலைப் பிரம்மோற்சவத்தை டில்லியிலும் பம்பாயிலும் இருந்துகொண்டு தொலைக்காட்சியில் காணும் நேயர்கள், இந்த வில்லைக் குடும்பத்திற்கு ஓரளவு கடன்பட்டவர்கள். திருமலைக் கோயிலுக்குள் பக்தர்கள் காமிராவோ கைப்பேசியோ கொண்டுசெல்லத் தடை உண்டு. ஆயினும் மாட வீதிகளில் நடக்கும் வாகன சேவைகளை, 2008-இல் தொடங்கிய தேவஸ்தானத் தொலைக்காட்சி எங்கும் காட்டுகிறது. ஐந்தாம் நாள் இரவில் கருட சேவை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆண்டாள் சூடிய மாலையும், சென்னையிலிருந்து திருக்குடைகளும் அந்தச் சேவைக்கென்றே வந்து சேர்வதைத் தமிழ் நேயர்கள் அறிவார்கள். தோள்மேல் அசைந்துவரும் வாகனத்தையும், அதன்மேல் சாத்திய மாலையையும், கூட்டத்தின் தலைகளுக்கு மேலாக ஒரே வீச்சில் நெருங்கிக் காட்டும் காமிராவில் இருப்பது, அன்று பந்தாட்டத் திடலில் நின்ற ஜூம் வில்லையின் வழித்தோன்றல்தான். வீதி முழுதும் விளக்கேற்றி வைத்துள்ளதால் அங்கு ஒளிக்குப் பஞ்சமில்லை. நம் ஊர்க் கூத்து மேடைக்கு அந்த வசதி ஏது?

இங்கேதான் துவார எண்ணைப்பற்றிச் சொல்ல வேண்டும். வில்லையின்மேல் 2.8, 4, 5.6 என்று எண்கள் பொறித்திருப்பார்கள். எண் சிறிதானால் திறப்பு பெரிது. 2.8-ல் புகும் ஒளியில் பாதி 4-ல். அதிலும் பாதி 5.6-ல். ஆக, 2.8 வில்லை 5.6 வில்லையைக் காட்டிலும் நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. 1960-களில் வேகமான பிலிம் என்று பெயர்பெற்ற ‘டிரை-எக்ஸ்’ பிலிமின் வேக எண் 400. மங்கலான மேடை வெளிச்சத்தில் அந்தப் பிலிமையும் 4.5 வில்லையையும் வைத்துக் கணக்கிட்டால், ஷட்டர் நொடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு நேரம் திறந்திருக்க வேண்டும். அதற்குள் கூத்தாடி அசைந்துவிடுவார்! பழைய மேடை நிழற்படங்களில் கலைஞர்கள் பெரும்பாலும் சிலைபோல் நிற்பதற்கும், பளிச்சென்று ‘பிளாஷ்’ அடித்த முகங்களாகத் தெரிவதற்கும் இதுவே காரணம்.

எண்பதுகளின் இறுதியில்தான் நிலைமை மாறிற்று. 80 முதல் 200 மில்லிமீட்டர் வரை, எங்கும் 2.8 குறையாமல், தானே குவியம் காணும் வில்லைகளை ஜப்பானிய நிறுவனங்கள் போட்டியிட்டுக் கொண்டுவந்தன. 1995-இல் கானன் நிறுவனம் அதனை 70-க்கு நீட்டியது. 70–200 என்பதே அதன்பின் பத்திரிகைப் படக்காரர்களின் வழக்கமான அளவாயிற்று. பிலிமின் இடத்தை மின்னணுத் தகடு பிடித்தபோது மற்றொரு கதவு திறந்தது. 2007-இல் வந்த நிக்கான் டி3 காமிரா 6400 வேக எண்ணிலும் பத்திரிகைக்குத் தகுந்த படம் தந்தது. முன் சொன்ன அதே மேடையில், 3200 வேக எண்ணும் 2.8 திறப்பும் சேர்ந்தால், நொடியில் 250-இல் ஒரு பங்கு போதும். கூத்தாடியின் முகம் நின்றுவிடும். சலங்கை மட்டும் சிறிது கலங்கும். அந்தக் கலக்கம் எனக்குப் பிடித்தமானதுங்கூட.

1995-இலேயே வந்த இன்னொரு புதுமை, கையின் நடுக்கத்தைத் தானே சரிசெய்யும் வில்லை. கானனின் 75–300 மில்லிமீட்டர் வில்லையில் அது முதலில் அமைந்தது. உள்ளேயுள்ள ஒரு கண்ணாடித் தொகுதி, கை நடுங்கும் திசைக்கு எதிர்த்திசையில் நொடிக்குப் பலமுறை நகர்ந்து உருவத்தை நிலைநிறுத்துகிறது. அருமையான சாதனம். ஆயினும் கடைகளில் அதிகமான தவறான நம்பிக்கையை விற்பதும் இதுவே. 200 மில்லிமீட்டர் வில்லையைக் கையில் பிடித்தால் நொடியில் 200-இல் ஒரு பங்குக்குக் குறையாத வேகம் வேண்டும் என்பது பழைய விதி. நடுக்கம் தீர்க்கும் வில்லையோடு 25-இல் ஒரு பங்கு வேகத்திலும் தூணில் செதுக்கிய யாளியைத் தெளிவாகப் பிடிக்கலாம். தூண் ஆடாது, நம் கைதான் ஆடுகிறது. ஆனால் அதே வேகத்தில் ஆடுகின்ற பெண்ணின் கையைப் பிடித்தால், கை இருந்த இடத்தில் ஒரு புகைதான் தெரியும். நம் நடுக்கத்தை அது தீர்க்குமேயன்றி, எதிரே இருப்பவரை நிறுத்தி வைக்காது. 5.6 திறப்புள்ள மலிவான வில்லையை, ‘நடுக்கம் தீர்ப்பதால் உள்ளரங்கத்திற்கும் போதும்’ என்று சொல்லி விற்பாரானால், அச்சொல்லில் பாதிதான் உண்மை.

இந்த வரலாற்றைக் கையில் வைத்துக்கொண்டு சித்தூர், திருப்பதி வட்டாரத்தை ஒருமுறை சுற்றி வரலாம். ஒவ்வோர் இடமும் வெவ்வேறு வில்லையைக் கேட்கும்.

2022-இல் மாவட்டங்களைப் பிரித்தபோது, சூலூர்ப்பேட்டையும் ஸ்ரீஹரிகோட்டாவும் திருப்பதி மாவட்டத்தோடு சேர்ந்தன. 1971-இல் முதல் ராக்கெட்டை ஏவிய அத்தீவில், 2019 முதல் பொதுமக்கள் அமர்ந்து காண மேடை அமைத்திருக்கிறார்கள். ஏவுதளத்திற்கும் பார்ப்போருக்கும் இடையே கிலோமீட்டர்க் கணக்கில் தொலைவு. ஆயினும் இங்கே 2.8 திறப்புக்காகப் பணத்தைக் கொட்டுவது வீண். 2023 ஜூலை 14-இல் சந்திரயான்-3 கிளம்பியது பட்டப்பகலில். இரவு ஏவுதலானாலும் நெருப்பே தன் விளக்கு. 300 அல்லது 400 மில்லிமீட்டர் வரை செல்லும் 5.6 வில்லை இங்கே தாராளமாகப் போதும். அருகிலுள்ள புலிக்காட்டு ஏரியின் பூநாரைகளுக்கும் அப்படியே. அவற்றுக்கு வேண்டியது நீளமும் நம் பொறுமையும்.

சங்கராந்தியை ஒட்டிச் சந்திரகிரிப் பக்கத்துச் சிற்றூர்களில் மாடு விரட்டும் விழா நடக்கிறது. கொம்புகளில் அலங்காரப் பலகை கட்டிய காளைகள் தெருவழியே பாய்ந்து வரும். இளைஞர்கள் அப்பலகையைப் பறிக்க முயல்வார்கள். இங்கே ஒளி குறைவில்லை; அசைவும் ஆபத்தும் மிகுதி. நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகம் வேண்டும். காளை நூறடித் தொலைவிலிருந்து பத்தடிக்கு வருவதற்குள் வில்லையும் 200-லிருந்து 70-க்குத் திரும்ப வேண்டும். ஜூம் வில்லை ஆடம்பரமன்று என்பதை உணர வேண்டுமானால் அந்தத் தெருவில் ஒரு மணி நேரம் நின்றால் போதும். 4 திறப்புள்ள வில்லை 2.8-ஐக் காட்டிலும் எடையிலும் விலையிலும் வெகுவாகக் குறைவு. இந்த வேலைக்கு அதுவே நல்லது. மாடு வரும்போது விலகி ஓடவும் எளிது.

திருப்பதி நகரில், திருவேங்கடமுடையானின் தங்கையென மக்கள் போற்றும் கங்கம்மாவின் ஜாத்திரை வேனிலில் ஒரு வாரம் நடைபெறும். ஆடவர் சேலையுடுத்துப் பெண் வேடம் பூண்டு வீதிகளில் வருவது அதன் சிறப்பு. பகல் வேடங்களுக்கு எந்த வில்லையும் உதவும். ஆனால் இறுதி இரவில், கோயில் முன்பு களிமண்ணால் அம்மனின் பெருமுகத்தை அமைத்து, பொழுது விடியுமுன் அதனைக் கலைத்துவிடுகிறார்கள். அத்தருணத்தில் பிளாஷ் அடிப்பது முறையன்று. முண்டியடித்து முன்னே போவதும் முறையன்று. தொலைவும் இருளும் அசைவும் மீண்டும் ஒன்றுகூடும் இடம் அது. இங்கும், பாரதக் கூத்திலும், உள்ளரங்க நாட்டியத்திலும், திருமண மண்டபத்திலும், 70–200 மில்லிமீட்டர், 2.8 திறப்பு என்ற கனத்த வில்லைக்கு நேரான மாற்று இல்லை. பழைய வில்லைகள் ஒன்றரைக் கிலோ எடை இருந்தன. 2019-இல் வெளிவந்த கானனின் கண்ணாடியில்லாக் காமிராவுக்கான வில்லை ஒரு கிலோவுக்குச் சற்றே மேல். புதிதாக வாங்கினால் விலை இலட்ச ரூபாயைத் தாண்டுவது வழக்கம்.

ஓர் இலட்சம் என்பது சிறுநகரத்தில் ஸ்டூடியோ வைத்திருப்பவருக்கு ஒரு முகூர்த்தப் பருவத்தின் உழைப்பாக இருக்கலாம். மாதத்திற்கு நான்கு திருமணங்கள் உள்ளவருக்கு அது முதலீடு. ஆண்டுக்கொருமுறை ஊர்த் திருவிழாவுக்கு வந்து படம் பிடிக்கும் அன்பருக்கு அது சுமை. பின்னவருக்கு நான் சொல்லும் வழி வேறு. 85 மில்லிமீட்டர், 1.8 திறப்புள்ள ஜூம் இல்லா வில்லை மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. 2.8-ஐக் காட்டிலும் இரண்டு மடங்குக்குமேல் ஒளியை விடும். சிறுதகட்டுக் காமிராவில் மாட்டினால் ஏறத்தாழ 130 மில்லிமீட்டருக்கு ஒப்பான நெருக்கமும் தரும். கூத்து மேடையிலிருந்து நான்காம் ஐந்தாம் வரிசையில் சம்மணமிட்டு அமர இடம் கிடைத்துவிட்டால் வேறொன்றும் வேண்டா. அர்ச்சுனன் மரத்தின்மேல் ஏறும்போது மட்டும் அவன் சிறிதாகத் தெரிவான். பெருநகரங்களில் வில்லைகளை நாள் வாடகைக்குத் தருவோர் இருக்கிறார்கள். பெங்களூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ ஊருக்கு வருபவர், அந்த ஓர் இரவுக்காகப் பெரிய வில்லையை வாடகைக்கு எடுத்து வருவதில் குற்றமொன்றுமில்லை.

பழைய வில்லை வாங்குவோர்க்கு ஒரு சொல். கடைக்குள் விளக்கொளியில் பார்த்து முடிவு செய்ய வேண்டா. வெளியே எடுத்து வந்து, திறப்பை முழுதும் விரித்து, கைவிளக்கை ஒரு பக்கம் பிடித்து மறுபக்கத்திலிருந்து சாய்வாகப் பார்க்க வேண்டும். நம் பக்கத்து ஈரக்காற்றில் கண்ணாடிகளுக்கிடையே சிலந்தி வலைபோலப் பூஞ்சை படர்வது உண்டு. அது பூச்சை அரித்துவிட்டால் துடைத்துப் பயனில்லை. 1935-க்கு முன்னிருந்த மூடுபனி திரும்பி வந்துவிடும். பிறகு, தொலைவிலுள்ள கடைப் பலகை ஒன்றைத் திறப்பு முழுதும் விரித்தபடியே படமெடுத்து, எழுத்துகளின் விளிம்பைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். 70-இல் ஒன்று, 200-இல் ஒன்று. வில்லையைப் பாதி மூடினால் எல்லா வில்லையும் நன்றாகத்தான் தெரியும். நாம் பணம் கொடுப்பது விரிந்த திறப்புக்கு. ஆகவே அங்கேதான் சோதிக்க வேண்டும்.